பொய் யன்னல்

நாடாவின் சுழியம் நிசாம்தீனின் கையில்.
மறுமுனையில் நான், பல்லிடுக்கில் பென்சிலோடு.
ஓர்ஸ் ஹில் சரிவில் இந்த வீடு
மூக்குக்கு நேரே கோடு பிடித்துக் கட்டியது:
இடம் மூன்று யன்னல், வலம் மூன்று,
கதவின் நெற்றியில் விசிறிக் கண்ணாடி.
கூடத்தில் குளிர்காயும் அடுப்பு வேறு.
"கச்சான் காத்துக்குள்ள ஆர் இதை மூட்டினது?"
நிசாம்தீனின் சிரிப்புக்குப்
புகைபோக்கி வௌவால்கள் இடம் மாறின.

மேற்குக் கோடி யன்னல் திறக்கவில்லை.
திறக்க அங்கே எதுவுமில்லை.
முருகைக்கல், சுண்ணாம்பு,
அதன்மேல் கறுப்புச் சாயத்தில்
பன்னிரண்டு கண்ணாடி.
பின்னால் மாடிப்படி போகிறது;
முன்னால் சமன் குலையக் கூடாதாம்.
எவனோ ஒரு கொத்தன்
சட்டத்துக்கு நிழல்கூடத் தீட்டியிருக்கிறான்.
பின்னேரம் நாலு மணிக்கும்
அது காலை நிழல்.

ஏழாவது கண்ணாடியில் ஒரு துளை.
சுவர் முழுக்கக் குடைந்தது.
எந்த ஆண்டு, எந்தப் பக்கத்து ஆள்,
நான் கேட்கவில்லை.
நிசாம்தீன் விரலை உள்ளே விட்டு
உடனே எடுத்துவிட்டார்.

படியேறி உள்ளிருந்து கண் வைத்தேன்:
உள்துறைமுகம், ஒரு வள்ளம்,
வலையை உதறும் ஒருவனின் முதுகு.
அவ்வளவுதான் தெரியும்.
அவ்வளவுக்காகத்தான் குடைந்திருக்கிறார்கள்.

திணைக்களப் படிவத்தில் இரண்டே கட்டம்:
உண்மை யன்னல், போலி யன்னல்.
விட்டம் நாலரை அங்குலம் என்று மட்டும்
ஓரத்தில் எழுதினேன்.

"இதில நில்லுங்க மிஸ்" என்றார் நிசாம்தீன்,
சட்டைப் பித்தானைக் கழற்றியபடி.
வெக்கையில் வெந்த அந்த வீட்டில்
காற்று வந்தது அந்தப் படியில் மட்டும்.