பத்தாம் நாள் வாங்கோ

ஆய்வுகூட ஜன்னலுக்கு வெளியே ஒரு வாங்கு.
ஒரு கால் கட்டை,
மடித்த மாத்திரைப் பெட்டி முட்டுக் கொடுத்திருக்கிறது.
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில்
அதிகம் செபம் நடக்கிற இடம் அதுதான்.

நான் உள்ளே.
தசைத் துண்டை மெழுகில் புதைத்து
மயிரிலும் மெல்லிசாய்ச் சீவி
ஊதாவும் றோசாவுமாய்ச் சாயம் ஏற்றுவது என் வேலை.
"எப்ப ரிப்போட் வரும்?"
"பத்தாம் நாள் வாங்கோ."

கொக்குவிலில் பற்றறிக் கடை வைத்திருக்கும் சுபாகரன்
மல்ரிமீற்றர் முள் அசையாவிட்டால்
எதையும் நம்பாத மனிசன்.
மனைவியின் துண்டோடு வந்தார்,
சின்னப் போத்தலில், சுண்டுவிரல் நகமளவு.
நாலாம் நாளும் வந்தார்.
மணிக்கட்டில் சந்நிதி முருகனின் நூல்.
"சும்மா, போற வழியில கட்டினது,"
நான் கேட்கவே இல்லை.
கொக்குவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில்
தொண்டைமானாறு எங்கே வந்தது?

அவருக்குப் பக்கத்தில் குருநகர் கொறற்றி,
மடியில் செபமாலை.
"இதில எத்தினை மணி?" என்று கேட்டார்.
"ஐம்பத்தொன்பது."
வோல்ற்றளவு குறிப்பவர் போலத் தலையாட்டினார்.
பிறகு இரண்டு பேரும்
ஒரே பைக்கற்றில் பிஸ்கற் சாப்பிட்டார்கள்.

அந்தச் சிலைட்டை நான்
அன்று காலையே பார்த்திருந்தேன்.
கையெழுத்து வைக்கும் டொக்டர் கொழும்பில்.
சொல்லும் உரிமை எனக்கில்லை.
கண்ணாடியில் காய்ந்துவிட்ட ஒன்றை நோக்கி
வெளியே அவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறிவு வந்தால் சாமி போய்விடும் என்று
கம்பஸ் விடுதியில்
விடிய விடிய வாதிட்டவள் நான்.
அறிவு வந்துதான் இருக்கிறது.
பத்து நாள் பிந்தி வருகிறது.
முந்தி நோய் இருந்தது, சாவு இருந்தது.
நடுவில் இந்த வாங்கைப் போட்டவர்கள் நாங்கள்.
வெறுங்கையோடு அதில்
எவ்வளவு நேரம் இருக்கலாம்?

போன மார்கழியில் அக்காவின் துண்டு.
பெயரைப் பார்க்காமல் இலக்கத்தை மட்டும் பார்த்தேன்,
இலக்கத்தை எழுதியதே நான் என்றாலும்.
குவியத் திருகில் விரல்.
வில்லைக்குள் வெறும் ஊதாப் புகார்.
கால் சுற்றுத் திருப்பினால் தெரிந்துவிடும்.
திருப்பவில்லை.
"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

அறையில் குளிர்ப்பெட்டியின் இரைச்சல் மட்டும்.
'பொறு' என்றுகூட இல்லை,
'பொறுங்கோ.'
யாருக்கு அந்த மரியாதை?
இன்றுவரை எனக்குத் தெரியாது.
கடவுள் என்று சொல்லமாட்டேன்.
எவருமில்லை என்று சொல்லவும்
அதற்குப் பிறகு நாக்கு எழவில்லை.

பத்தாம் நாள் சுபாகரன்
உறையை வாங்கினார். பிரிக்கவில்லை.
அண்ணாந்து,
சித்திரையிலிருந்து நின்றுபோயிருந்த சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
வாங்கில் ஏறி அதைக் கழற்றி
சட்டைப் பையிலிருந்த புதுப் பற்றறியைப் போட்டார்.
கொறற்றி வாங்கைப் பிடித்துக்கொண்டாள்.
இறங்கி,
கையைத் துடைத்துவிட்டு,
உறையைக் கிழித்தார்.

மணிக்கூடு ஓடுகிறது.
ஐந்து நிமிசம் முந்தி.
ஒருவரும் திருத்தவில்லை.