முப்பத்தேழுக்குப் போகவும்

ஒரே வகை இழை எனில் இரண்டுக்கு.
இரு வகை எனில் பதினாலுக்கு.
மூன்று எனில் முப்பத்தேழுக்குப் போகவும்.

நான் பதினாலுக்குப் போனேன்.

பினாங்கு, மெக்கலிஸ்டர் சாலை.
மழையே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை
தூங்குமூஞ்சி மரமொன்று
ஆளில்லாத மைவி காரின்மேல் சாய்ந்தது.
அடியில் முளைத்திருந்த மரக்காளானை
ரொட்டிப் பையில் போட்டு அனுப்பினார்கள்:
பேர் வேண்டும், வெள்ளிக்குள்.

விளிம்பில் வெட்டினேன்.
கத்திக்கு அங்கேதான் சுகம்.
காரக்கரைசல் ஒரு சொட்டு, சிவப்புச் சாயம் ஒரு சொட்டு,
இரண்டு ஊசியால் சிக்கெடுத்தேன்.
மெல்லிய சுவருள்ளது கிளைத்து,
கணுவுக்குக் கணு கொக்கி மாட்டி
சாயம் குடித்துச் சிவந்தது.
தடித்த சுவருள்ளது
கிளையில்லை, தடுப்பில்லை,
கண்ணாடிக் கம்பியாய்
பார்வை வட்டத்தைத் தாண்டிப் போனது.
இரண்டு. கையெழுத்திட்டேன்.

பதினாலில் இருந்த பெயர்
உயிர்மரத்தின் வேரைத் தின்னும் பெயர்.
அதே வரிசையில் இன்னும் ஒன்பது மரம்.
ஒன்பதிலும் சிவப்புப் பெயிண்டில்
பெருக்கல் குறி.

ஞாயிறு அந்த அடிமரத்தைப் பார்க்கப் போனேன்,
எதற்கென்று தெரியாமல்.
மிச்சமிருந்த காளானின் நடுவில்
யாரோ துளையிட்டு மூன்று ஊதுவத்தி செருகியிருந்தார்கள்.
பக்கத்தில் ஒரு ஆரஞ்சு,
முடிச்சு அவிழ்க்காத கோப்பி-ஓ பொட்டலம்.
மன்னிக்கணும் என்றேன், யாரிடமோ.
கத்தியை வைத்தேன்.
இறங்கவில்லை.

இரவு, லேப்.
அந்தத் துணுக்கு ஊசிக்குப் பிரியாமல் பிய்ந்தது.
குட்டையாய், முறுக்கிக்கொண்டு,
மான்கொம்பாய்க் கிளைவிட்டு
மற்ற இரண்டையும் இறுக்கிக் கட்டியிருந்தது
மூன்றாவது.
விளிம்பில் அது இருப்பதில்லை.
வளர்ச்சி கடந்துபோன இடத்துக்குத்
தாமதமாக வந்து கட்டுகிறது.
முதலாண்டுப் பாடம். ஏழு வருஷமாய்
நடத்துகிறவளும் நான்தான்.

மூணு வகை, ஒரே உடம்பு,
தேசிய தினப் பேச்சுக்கு ஆகுமே என்றான் ஹோக் செங்.
ஆகாது.
இழைகள் யாருக்கும் உதாரணமாக இருக்க
ஒப்புக்கொண்டதில்லை.

முப்பத்தேழில் இருக்கும் பெயர்
செத்த கட்டையை மட்டும் தின்பது.
மரம் ஏன் சாய்ந்ததென்று
அதற்குத் தெரியாது.
எனக்கும்.

திங்கள், எட்டு மணி ஐந்து நிமிடம்.
லாரி கிளம்பிடுச்சே என்கிறார் அலுவலர் ஜம்ரி.
எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பாங்க?
இருங்க, பார்க்கிறேன்.

தாள் புரளும் சத்தம்.