படர்தாமரை

முதலில் இரண்டு ரூபாய்க் குற்றியளவு.
சேணப்பட்டி அழுத்தும் இடத்தில்
மயிர் கொட்டி, சாம்பல் செதிளாய்.
பட்டி தேய்த்த காயமென்று
தேங்காயெண்ணெய் பூசினேன்.

பங்குனிக் கடைசியில் பருவம் தப்பின மழை.
உப்புவெளித் தகரக் கொட்டில் மூன்று நாள் காயவில்லை.
கொமாண்டர் நுவரெலியாவில் ஓடித் தோற்று
என்னிடம் இறங்கி வந்தவன்;
இந்தப் புழுக்கம் அவன் தோலுக்குப் புதிது.
நாலாம் நாள் எண்ணினேன், ஏழு வட்டம்.
நடு ஆற ஆற விளிம்பு வெளியே நடந்தது.
தாமரை என்று இதற்குப் பேர் வைத்தவன்
குதிரை வளர்த்திருக்கமாட்டான்.

கன்னியாவுக்குக் கொண்டுபோ,
ஏழு கிணற்றுத் தண்ணியும் வாளி வாளியாய் ஊத்து
என்றான் ரிஸ்மின்.
மிருக வைத்தியர் சுபாங்கி சிரிக்கவில்லை.
"ஈரம்தான் இதுக்குச் சோறு.
கந்தகக் கரைசல் பூசி வெயில்ல கட்டுங்கோ.
பிரஷ், சீலை, கயிறு ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ.
ஆறு கிழமைக்கு ஆக்களை ஏத்த வேண்டாம்,
ஆக்களுக்கும் தொத்தும்."

ஆறு கிழமை.
சித்திரை லீவுக்கு எட்டு நாள் இருந்தது.
புல்லுக்கட்டுக்காரன் வாசலில் நின்றான்.

வருசத்துக்கு முதல்நாள் இரவு
டோச் வெளிச்சத்தில் செதிளைச் சுரண்டி,
பிள்ளைப் பவுடர் அப்பி,
நீளச் சிவப்புச் சீலை விரித்தேன்.
அழகாய்த்தான் இருந்தான்.

அடுத்த நாள் முப்பத்தொரு பேர்.
கடைசியாய் ஒரு சின்னப்பிள்ளை, ஐந்து வயசிருக்கும்,
கடல் ஈரம் காயாத கால்.
சீலை நழுவினதைக் கண்டேன்.
இறங்கமாட்டேன் என்று அழுதாள்.
காசில்லாமல் இன்னொரு சுற்றுக் கூட்டிப்போனேன்,
பாவம் கழியுமென்றோ என்னவோ.
கழுத்தைக் கட்டி அவனுக்கு முத்தம் கொடுத்தாள்.

ரிஸ்மினின் குதிரைக்கு வைகாசியில் வந்தது.
என் பிரஷ்ஷை அவன் இரவல் கேட்டது சித்திரையில்.
"எங்கால வந்திருக்கும்?" என்கிறான்.
மழை, என்கிறேன்.

இப்போது கொட்டிலில்
கூழ்முட்டை மணத்துடன் நிற்கிறோம், கொமாண்டரும் நானும்.
என் மணிக்கட்டில் ஒன்று,
பாதி வளையல்.
ஆஸ்பத்திரிப் பெடியன் கேட்டான்:
"வீட்டில வேற ஆருக்கும் இருக்கா?"
அவன் பேரைச் சொல்ல வாய் வரவில்லை.

அவனுக்கு மயிர் முளைக்கிறது,
கொஞ்சம் வெளிறி.

குருணாகலிலோ மாத்தளையிலோ
ஒரு தாய் பிள்ளையின் காலைத் தூக்கி
விளக்கடியில் பார்க்கிறாள்.
எந்த மொழியில் கேட்பாள், தெரியாது.
என்ன கடிச்சது, எங்கே விழுந்தாய்.
குதிரை, என்கிறது பிள்ளை,
சந்தோசமாய்.
கேட்டதுக்குப் பதில் சொல்லு, என்கிறாள் தாய்.