மறுபடியும் எடுக்கவும்

செம்மண்டலத்தில் எங்கள் மையத்தின்
ஒலிபுகா அறைக்குள்
ஒலி புகும் வழிகள் எனக்குத் தெரியும்.
கதவின் அடியில் ரப்பர் தேய்ந்த இடம்.
சிதம்பரம் பேருந்து வளைகையில் ஓர் உறுமல்.
மாடியில் பல் டாக்டரின் கம்ப்ரசர்,
பத்து நிமிடத்துக்கு ஒரு பெருமூச்சு.
ஐந்நூறு ஹெர்ட்ஸில் எவருக்காவது
காது கொஞ்சம் மந்தமென்றால்
நான் முதலில் மாடியைத்தான் பார்ப்பேன்.

தேவனாம்பட்டினம் கஜபதி, வயது ஐம்பத்தொன்று,
விசைப்படகில் இருபத்தாறு வருடம் எஞ்சின் பக்கம்.
சிவப்பு வலது, நீலம் இடது.
மாற்றி மாட்டியதும் உண்டு,
போன தையில், ஒரு ஆசிரியைக்கு;
நல்ல காதுக்கு மெஷின் வாங்கப் போனவரைக்
கடைக்காரர்தான் திருப்பி அனுப்பினார்.
அதிலிருந்து இரண்டு முறை பார்க்கிறேன்.

"சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க.
சின்னதா கேட்டாலும்."
தலையாட்டினார்.

நான் எதையும் அனுப்பாதபோது
விளக்கு எரிந்தது.
மறுபடியும்.
மறுபடியும்.
நஷ்டஈட்டுக்கு வருகிறவர்கள்
கேட்டும் அழுத்தாமல் இருப்பார்கள்,
அது பழகிப்போனது.
கேட்காமல் அழுத்துகிறவர் வேறு ரகம்:
பரீட்சையில் பாஸாக நினைப்பவர்.
கண்ணாடி வழியே என் தோள் அசைவதைப்
பார்க்கிறாரோ என்று
அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.
சுவரைப் பார்த்தபடியும் அழுத்தினார்.

நம்பகம் குறைவு, என்று எழுதினேன்.

கொண்டை ஊசி எலும்பு முறிவானதும்
தாலிக் குண்டு நுரையீரலில் கட்டியானதும்
பக்கத்து எக்ஸ்ரே அறை செல்வாம்பிகை
சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.
அந்த வீட்டில் அன்று யாரும்
சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பதை
சிரித்து முடித்தபின் சொல்வாள்.

கஜபதியின் தலை ஸ்கேன் பையிலேயே இருந்தது,
புதுச்சேரியில் எடுத்தது.
காது நரம்பு போகும் இடத்தில்
இரட்டை விளிம்பு;
ஒரு கபாலத்திடமிருந்து இன்னொன்று
நழுவப் பார்ப்பதுபோல.
கீழே ஒரு வரி:
நோயாளி அசைந்துள்ளார், மறுபடியும் எடுக்கவும்.

"ஏண்ணே அசைஞ்சீங்க?"
மூன்றாவது தடவை கத்தியபோது கேட்டது.
"குழாய்க்குள்ள டக்டக்குன்னு அடிச்சுது பாரு,
நாலாவது சிலிண்டர் இடிக்கிற மாதிரியே.
திரும்பிப் பாக்காம எப்படிப் படுத்திருக்க?"

"அப்போ பட்டன்?"
"விசில் வந்துச்சு, அமுக்குனேன்.
ராத்திரியிலயும்தான் வருது.
நீ அனுப்பலையா?"

நாலாயிரம் ஹெர்ட்ஸை
மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன்.
கையை உயர்த்தினார்: "இதுதான். இதேதான்."
அப்போதுதான் சிரித்தார்,
தொலைந்த தன் வலையை
இன்னொருவர் படகில் கண்டவர்போல.

நம்பகம் குறைவு. அடித்தேன்.
அதன் மேலே என்ன எழுதுவது?
குறிப்புக்கான கட்டம் ஒன்றரை அங்குலம்.
கருவியின் விலாவில் ஒட்டியிருக்கிறது:
அடுத்த அளவுத் திருத்தம் ஜனவரியில்.
இப்போது புரட்டாசி.
வெளியே ஏழு பேர்.

மாடியில் கம்ப்ரசர் பெருமூச்சு விட்டது.
அவர் திரும்பவில்லை.
நான் திரும்பினேன்.