பதினேழாவது சட்டை

தாதகாப்பட்டி கேட் மாடியில்
ஓவியம் சொல்லித்தரும் ரெஜினா மிஸ்
குகையில் என் கடைக்கு வந்து
ஒரு கட்டுக் காகிதத்தை மிஷின் மேல் போட்டார்.
பதினேழு பிள்ளைகள், பதினேழு படங்கள்.
அவரவர் வரைந்தது அவரவர் நெஞ்சில் வரணும்,
மே மாதம் ஏற்காடு கூட்டிப்போகிறேன்,
பெயின்ட் அடித்தால் இரண்டு சலவையில் போய்விடும்,
துணியிலேயே வெட்டித் தைத்துக் கொடுங்கள்,
சட்டைக்கு நானூறு.

நான் யூனிஃபார்ம் தைக்கிறவள்.
காக்கி, வெள்ளை, கட்டம் போட்ட நீலம்.
என் கத்தரிக்கு நேராகப் போய்த்தான் பழக்கம்.

இளம்பிள்ளையில் கிலோவாக வாங்கிய
சேலைத் துண்டுகளைத் தரையில் கொட்டினேன்.
மாங்காய்க்குக் கிளிப்பச்சை கிடைத்தது.
ஆறு கால் நாய்க்கு அரக்கு.
ஏன் ஆறு என்றதற்கு
ஓடுதுல்ல, என்றாள் மிருதுபாஷிணி.
சரிதான்,
ஓடுகிற நாயின் காலை யார் எண்ணினார்கள்.
கதவே இல்லாத வீடு ஒன்று.
மீசை வைத்த மிக்ஸி ஒன்று.
மலைப்பாதையை ஒருத்தன்
ஜிலேபி பிழிந்த மாதிரி சுற்றிவிட்டிருந்தான்.
அந்த இருபது கொண்டை ஊசியையும்
என் ஒற்றை ஊசி ஏறி முடிப்பதற்குள்
பாபினில் இரண்டு தரம் நூல் தீர்ந்தது.

கடைசிக் காகிதம் முழுக்கக் கறுப்பு.
கிரயான் மெழுகு வழவழவென்று மின்னியது,
இரண்டு இடத்தில் தாள் பொத்துப்போகிற அழுத்தம்.
பின்பக்கம் பென்சிலில்:
பரிதி, இரண்டாம் வகுப்பு, கரண்ட் கட்.

மிஸ்ஸுக்குப் போன் போட்டேன்.
கறுப்புத் துணி ஒன்றை வைத்துத் தைத்துவிடுங்கள்,
உங்களுக்கு வேலை மிச்சம், என்றார்.
மிச்சம்தான்.
நாலு பக்கமும் மடித்து அடித்தால் ஐந்து நிமிடம்.
அடிக்க மனசு வரவில்லை.

மறுநாள் அளவு பார்க்க வந்தவனை நிறுத்தினேன்.
உள்ளே என்னடா இருக்கு?
எங்க வீடு.
வீட்டுல யாரு?
எல்லாரும் இருக்காங்க அக்கா.
தெரியல, அவ்வளவுதான்.

அன்றிரவு
கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினேன்.
அம்மா, அவள் கையில் ஒரு தீப்பெட்டி.
நின்றுபோன ஃபேனின் மூன்று இறக்கைகள்.
தறி நின்றதால் நேரத்தோடு வந்து
மல்லாந்து கிடக்கும் அப்பா.
ஒரு கொசு. அது மட்டும் நானாகச் சேர்த்தது.
டியூப்லைட் அடியிலேயே ஒன்றும் தெரியவில்லை,
போட்ட தையலைத் தடவிப் பார்த்துத்தான்
அடுத்த தையல்.
கூலி நோட்டில் இதை என்னவென்று எழுதுவது?
எழுதவில்லை.

சட்டை வாங்க வந்த அவன் அம்மா
பிரித்துப் பார்த்து அப்படியே நின்றாள்.
நல்ல நாளும் அதுவுமா பிள்ளைக்குக் கறுப்பா?
மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் படம்,
இவனுக்கு ஒட்டுத்துணி, இதுக்கும் நானூறா?
கண்ணு படாதுங்க,
திருஷ்டிப் பொட்டு கொஞ்சம் பெரிசாப் போச்சு,
என்று சிரித்துப் பார்த்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஐம்பது குறைத்தேன்.

இவன் அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து
கறுப்பின் மேல் வைத்து இழுத்தான்.
இது ஃபேன்.
இது அப்பா, கால் இங்க இருக்கு பாரு.
இது நீ.
விரல் அதற்குமேல் தானாகப் போனது,
ஒரு மூலையில் நின்றது.
தீப்பெட்டி, என்றாள் அவளே.
பிறகு ஒன்றும் பேசாமல்
சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.
குறைத்த ஐம்பதைத் தரவும் இல்லை.

நேற்று ஏற்காட்டிலிருந்து மிஸ் போட்டோ அனுப்பியிருந்தார்.
ஏரிக்கரையில் மழை விட்ட மூட்டம்.
நாயின் ஆறு கால்களும் கரைந்துவிட்டன.
மாங்காய் போன இடம் தெரியவில்லை.
கதவில்லாத வீட்டுக்குள்
மேகம் எப்படியோ நுழைந்திருக்கிறது.
பின் வரிசையில் ஒரு கறுப்புச் சதுரம் மட்டும்
பளிச்சென்று.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
என் தையல் ஒன்றுகூடத் தெரியவில்லை.
பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கை
அவன் நெஞ்சின் மேல் கிடக்கிறது,
கண்ணை இறுக்க மூடிக்கொண்டு
எதையோ தேடுகிறது.

கொசு இன்னும் அகப்படவில்லை போல.