பழைய லெக்

டிரானாவில் இறங்கும்போது
பணத்தை மூன்று இடத்தில் ஒளித்திருந்தேன்.
ஒன்று காலுறையில்.
ஒன்று மாத்திரை டப்பாவில், பாராசிட்டமாலுக்கு அடியில்.
மூன்றாவது எங்கே என்று
நான்காம் நாள் வரை எனக்கே தெரியவில்லை.

நாற்பத்தொரு வயது.
யாரும் கூட்டிப் போகாமல், யாரையும் கூட்டிப் போகாமல்
முதல் பயணம்.
ஒரு நாளைக்கு இருபத்திரண்டு யூரோ:
படுக்கப் பத்து, வேனுக்கு ஐந்து, மிச்சம் வயிற்றுக்கு.
மளிகைக் கணக்கு எழுதும் அதே கிறுக்கலில்
நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

இங்கே வேனுக்கு நேரம் கிடையாது,
நிரம்பினால் கிளம்பும்.
பெராத்தின் புழுதித் திடலில்
கதவில் சாய்ந்து நின்ற ஓட்டுநரிடம்
பெர்மெத்? இடம்? என்றேன்.
தலையை இடவலமாக ஆட்டி
"போ" என்றார்.

போனேன்.
பையை மறுபடி தோளில் ஏற்றி, கொஞ்சம் ரோஷத்தோடு,
திடலின் அந்தக் கோடி வரைக்கும் போனேன்.
பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்:
போ, போ, போ!
நான் இன்னும் வேகமாக.

அவர்கள் மொழியில் போ என்றால் ஆம்.
அந்தத் தலையாட்டலுக்கும் ஆம்.
அடுத்த வேனுக்குக் காத்திருந்த மூன்று மணி நேரத்தில்
பாதி இத்தாலியும் பாதி ஆங்கிலமுமாக
இதைச் சொன்னவள் எல்வானா என்கிற நர்ஸ்.
சிரித்த சிரிப்பில் சூரியகாந்தி விதை
அவளுக்குப் புரையேறியது.
நம் தலையாட்டலை எவனும் புரிந்துகொள்ள மாட்டான் என்று
பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான்.

பெர்மெத் வந்தபோது இருட்டிவிட்டது.
இருட்டில் புது ஊரில் இறங்காதே என்பது
எனக்கு நானே எழுதிக்கொண்ட முதல் விதி.
அறையைப் பார்க்குமுன் விலையைக் கேள், இரண்டாவது.
கேட்டேன்.
கீழே டயர் கடை, மேலே அறை.
கிரீஸ் கையோடு வந்த லிரியே சொன்னாள்:
பத்தாயிரம்.
எண்களை மட்டும் விமானத்திலேயே
மனப்பாடம் செய்திருந்தேன்.
பத்தாயிரம் லெக்! நூறு யூரோ!
பத்தில் ஒன்றிலிருந்து பேரத்தைத் தொடங்கு, மூன்றாம் விதி.
ஆயிரம், என்றேன்.

அவள் முகம் ஒரு மாதிரியானது.
பத்தாயிரம்.
ஆயிரம்.
கீரைக்காரரிடம் நிற்பதுபோல் நின்றேன், அசையாமல்.
ஊக்கு குத்திய என் செருப்பு வாரைப் பார்த்தாள்.
பெருமூச்சு விட்டாள்.
பையைப் பிடுங்கிக்கொண்டு மாடி ஏறினாள்,
காசே வேண்டாம் என்று கையை வீசியபடி.
பின்னாலேயே பயறு சூப்பும் பாதி ரொட்டியும் வந்தன.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துச் சாப்பிட்டேன்.
காலுறையைத் துவைத்து
ஜன்னல் கம்பியில் போட்டேன்.

விடிந்ததும் மனசு கேட்கவில்லை.
ஆயிரம் லெக் நோட்டை மேசையில் வைத்தேன்.
லிரியே நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
பத்தாயிரம், என்று நோட்டின் மேல் விரலால் தட்டினாள்.
அதில் ஆயிரம் என்றுதான் அச்சடித்திருந்தது.

அரசாங்கம் ஒரு சுழியத்தை வெட்டி
அறுபது வருஷம் ஆகிறதாம்.
நாக்கு இன்னும் வெட்டவில்லை.
அவளுடைய பத்தாயிரம் என் ஆயிரம்.
என் ஆயிரம் அவள் காதில் நூறு,
ஒரு யூரோவோடு உலகம் சுற்றக் கிளம்பிய
ஏதோ ஒரு பாவம்.
ஒரே தொகையைச் சொல்லிச் சொல்லி
இரண்டு பெண்கள் பேரம் பேசியிருக்கிறோம்.

அணாவைக் கண்ணால் கண்டதில்லை,
நாலணாவுக்குப் பெறாதவன் என்று
போன மாதம்கூட ஒருத்தனைத் திட்டினேன்.
இதை அவளுக்கு எந்த மொழியில் சொல்ல?
சூப்புக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
"யோ" என்றாள்.
இல்லை என்பதற்கு அவர்கள் சொல்வது.
அது புரிந்தது.

மூன்றாம் விதியை அடிக்க நோட்டைத் திறந்தபோது
அட்டைக்குள் ஏதோ தடித்தது.
நான்காம் நாள். மூன்றாவது பணம்.

கொர்ச்சா போகிற வேன்காரரிடம் இடம் கேட்டேன்.
தலையை இடவலமாக ஆட்டினார். போ, என்றார்.
ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
ஈரக் காலுறை மடியில்.
கிளம்ப இன்னும் நாலு பேர் வேண்டும்.