வாயைத் திறக்கச் சொல்

மஸ்கெலியா ஆஸ்பத்திரி, பல் பிரிவு, செவ்வாய்க்கிழமை.
டாக்டர் மிஸ் சிங்களத்தில் கேட்பார்,
நான் தமிழில் கேட்பேன்,
பதில் வந்த வழியே திரும்பிப் போகும்.
இதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.
என் வேலை எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது.

பதினேழாம் டோக்கன்.
தொப்பி, முகக்கவசம், அதன்மேல் ஒரு கை.
பின்னால், விரலில் கொழுந்துக் கறையோடு அம்மா.
அரைப்பேரை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

பெயரை மூன்று தடவை கேட்டேன்.
மூன்றாம் தடவை அம்மா சொன்னாள்: நித்தியநாதன்.
நாக்கு மேல்பல்லின் அடியைத் தேடிப் போகும்
எழுத்துகளாகப் பார்த்துப் பொறுக்கி
இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் வைத்த பெயர்.

வாயைத் திறக்கச் சொல், என்றார் மிஸ்.
சொன்னேன்.
கையை எடுக்க அவனுக்கு நேரமாயிற்று.

ஒரு வறட்சியில் மவுசாக்கலை வற்றியபோது
தண்ணீருக்குள் போன பழைய கோவில்
அடிக்கல்லும் தூணுமாய் வெளியே வந்தது.
பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் போனோம், படம் எடுத்தோம்.
அப்படித்தான் இருந்தது:
ஈறு இறங்கி, வேர் தெரிந்து,
முறிந்தது முறிந்தபடி சேற்று நிறத்தில்.
இதற்கு யாரும் பஸ்ஸை நிறுத்த மாட்டார்கள்.

மிஸ் எண் சொல்லச் சொல்ல
அட்டையில் சிவப்புப் பேனையால் புள்ளடி போட்டேன்.
மேலே முன்பல் நான்கு.
கடைவாயில் எது பல், எது ஓட்டை என்று
கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.
வெளியே ஆறு நாளாக மழை.
அவன் வாயில் உறிஞ்ச ஒரு சொட்டு இல்லை,
குழாய் வெறுங்காற்றை இழுத்துச் சீறியது.

எத்தனை நாளா இப்படி?
அம்மா முந்திக்கொண்டாள்.
“சின்னதுலேருந்தே இனிப்புப் பைத்தியம் மிஸ்.
டொபி. சாயத்தண்ணிக்கு மூணு கரண்டி சீனி.”
ஒரு கரண்டியும் குறையாமல் மொழிபெயர்த்தேன்.
சிங்களத்தில் அது இன்னும் கொஞ்சம் பொய்யாகக் கேட்டது.

“ஐஸ்” என்றான் அவன்.
ஸ் மட்டும் ஓட்டை வழியாக நீளமாய்ப் போனது.
அந்தச் சொல்லுக்கு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
மிஸ் எழுதுவதை நிறுத்தினார்.
அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பிறகு சொன்னதெல்லாம் எனக்குத்தான்.
கொழும்பில் கடை. ராத்திரி லொறி இறக்க வேண்டும்.
தூக்கம் வராமலிருக்க என்று முதல் தடவை
முதலாளியின் மச்சான் சும்மா கொடுத்தான்.
நாலு நாள் தூங்கவில்லை, நாலு நாளும்
தாடை தானாக அரைத்துக்கொண்டிருந்தது,
அரைக்க ஒன்றுமில்லாமல்.
தாகம். தண்ணீர் பிடிக்கவில்லை, சோடா, சோடா.
ஒரு காலை பாணைக் கடித்தான்,
பாணோடு பல்லும் கையில் இருந்தது.
“வலிக்கல மிஸ்.
அதுதான் பயமா இருந்திச்சி.”

ஏழு வாரமாகத் தொடவில்லை என்றான்.
கடைசியில் ஒன்று கேட்டான்:
பல்லு கட்டினா என் பேரு சரியா வருமா?

அதை எப்படிச் சிங்களத்தில் சொல்வது என்று தெரியாமல்
நாக்கை முன்பல்லில் வைத்துக் காட்டினேன். த.
மிஸ் தன் கவசத்தை இறக்கி
அதே இடத்தில் நாக்கை வைத்தார். த.
அவர் பாஷையிலும் அந்த எழுத்து இருக்கிறது,
அதே பல்லில்.
அவனும் முயன்றான்.
நாக்கு வெளியே வந்து உதட்டில் விழுந்தது.

முதலில் வேர்களைக் கழற்ற வேண்டும்,
ஈறு ஆற வேண்டும், அதுவரை அதைத் தொடவே கூடாது,
பிறகு பார்க்கலாம், சொல்.
சொன்னேன்.
‘பிறகு பார்க்கலாம்’ என்பதை மட்டும்
‘கட்டலாம்’ என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு இரண்டு வேர்.
பஞ்சை வைத்து, அடுத்த செவ்வாய் வருவீங்களா என்றேன்.
‘வ’வுக்குக் கீழுதடு போய்த் தொட மேலே ஒன்றுமில்லை.
பஞ்சுக்கு அப்பாலிருந்து ‘பருபேன்’ மாதிரி ஏதோ வந்தது.
என்ன சொல்றார்? என்று மிஸ் கேட்டார்.
வருவாராம், என்றேன்.
அட்டையில் திகதியைக் குறித்தேன்,
பென்சிலால்.